கோப்பு யார் கையில் இருக்கிறது?

டிஜிட்டல் துணைமின் நிலையங்களைப் பற்றிப் பேசும் கருத்தரங்கு எதுவாயினும், அங்கே ஒரு விளக்கம் தவறாமல் முன்வைக்கப்படுகிறது. நம் நாட்டு மின் நிறுவனங்களின் பொறியாளர்கள் மாற்றத்தை விரும்பாதவர்கள். செப்புக் கம்பியோடு பழகிய கைகள் ஒளியிழையைத் தொட அஞ்சுகின்றன. ஆகவேதான் இத்தொழில்நுட்பம் இந்தியாவில் மெல்ல நகர்கிறது என்பதே அவ்விளக்கம். ஆய்வேடுகளின் முன்னுரைகளில்கூட இது சான்று தேவைப்படாத உண்மைபோல் இடம்பிடித்துவிட்டது. சொல்பவருக்குச் செலவில்லாத விளக்கம் இது. விற்பவரையும், வாங்கும் விதிகளை வகுத்தவரையும், ஆய்வு செய்பவரையும் ஒருசேர விடுவித்துவிட்டு, கட்டுப்பாட்டு அறையில் இரவுப் பணி பார்ப்பவர் தலையில் பழியை ஏற்றிவிடுகிறது.

இப்பதிவு அவ்விளக்கத்துக்கு மறுப்பு. என் வாதம் இதுதான்: நம் மின் நிறுவனங்கள் டிஜிட்டல் துணைமின் நிலையத்தைக் கண்டு தயங்குவதற்குக் காரணம் மனப்பான்மை அன்று. நாம் அதை வாங்கும் முறை, வாங்கியபின் அதன் அறிவு யாரிடம் தங்குகிறது என்னும் கேள்வி, அந்த அறிவை உருவாக்க வேண்டிய பல்கலைக்கழகங்கள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பது ஆகிய மூன்றுமே காரணங்கள்.

வேறு துறை மாணவர்களுக்காகச் சிறு விளக்கம். மரபான துணைமின் நிலையத்தில், வெளிமுற்றத்தில் நிற்கும் மின்னோட்ட மாற்றியிலிருந்தும் மின்னழுத்த மாற்றியிலிருந்தும் செப்புக் கம்பிகள் நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடிக் கட்டுப்பாட்டு அறையிலுள்ள ரிலேக்களை அடைகின்றன. பழுதைக் கண்டதும் ரிலே மற்றொரு கம்பி வழியே பிரேக்கருக்கு ஆணையிடுகிறது. டிஜிட்டல் நிலையத்தில், மெர்ஜிங் யூனிட் என்னும் கருவி முற்றத்திலேயே நின்று மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் எண்களாக மாற்றுகிறது. பரவலாகப் பின்பற்றப்படும் முறையில், 50 ஹெர்ட்ஸ் அலையின் ஒவ்வொரு சுற்றுக்கும் 80 மாதிரிகள், அதாவது நொடிக்கு 4000 மாதிரிகள், ஒளியிழையில் செல்கின்றன. பிரேக்கருக்கான ஆணையும் 'கூஸ்' எனப்படும் வலையமைப்புச் செய்தியாகவே போகிறது. இவை அனைத்துக்கும் இலக்கணம் வகுப்பது ஐஇசி 61850 என்னும் பன்னாட்டுத் தரநிலை. அதன் முதற்பதிப்பின் பகுதிகள் 2002 முதல் வெளிவரத் தொடங்கின. ஆணைச் செய்தி மூன்று மில்லி நொடிக்குள் சென்றுசேர வேண்டும் என்பது அது விதிக்கும் கடும் நிபந்தனைகளுள் ஒன்று.

இதன் நன்மைகளை நான் மறுக்கவில்லை. செப்பும் கம்பிப் பள்ளங்களும் குறைகின்றன. மின்னோட்ட மாற்றியின் இரண்டாம் சுற்று திறந்துவிட்டால் எழும் உயிர்கொல்லி மின்னழுத்தம் கட்டுப்பாட்டு அறைக்குள் வருவதில்லை. எல்லாவற்றிலும் மேலாக, மரபான நிலையத்தில் அறுந்துபோன ஒரு செப்புக் கம்பி அடுத்த சோதனை வரையிலோ அடுத்த பழுது வரையிலோ யாருக்கும் தெரியாமல் கிடக்கலாம். மாதிரிகள் வருவது நின்றால் ரிலே அதை மில்லி நொடிகளில் அறிந்துகொள்கிறது. இந்தியாவில் இது இயலாத காரியமும் அன்று. பஞ்சாபின் மலேர்கோட்லாவில் ஏற்கெனவே இயங்கிவந்த 400 கிலோவோல்ட் நிலையத்தைப் பவர்கிரிட் நிறுவனம் 2020ஆம் ஆண்டில் இம்முறைக்கு மாற்றிக் காட்டியது. வடிவமைப்பும் உள்நாட்டிலேயே செய்யப்பட்டது. பொறியாளர்கள் மாற்றத்தை வெறுப்பவர்கள் என்றால் மலேர்கோட்லா எப்படி நடந்தது? அங்கே அறிவு நிறுவனத்துக்குள் இருந்தது. மற்ற இடங்களில் அது ஒப்பந்ததாரரோடு வருகிறது. வேலை முடிந்ததும் அவரோடு போய்விடுகிறது.

அறிவு எப்படிப் போய்விடுகிறது என்பதைப் பார்ப்போம். மரபான நிலையத்தின் அறிவு கம்பிகளில் இருந்தது. அதன் நகல் சுற்று வரைபடமாக அலமாரியில் இருந்தது. வரைபடம் கிழிந்துபோயிருந்தாலும், பட்டறிவுள்ள ஒருவர் முனையப் பலகையின் முன் நின்று, கம்பியைத் தொட்டுத் தொடர்ந்து சென்று, அந்நிலையத்தின் தர்க்கத்தை மீட்டெடுக்க முடியும். டிஜிட்டல் நிலையத்தில் தொடர்ந்து செல்லக் கம்பி இல்லை. எந்த ரிலே எந்தச் செய்தியைக் கேட்கிறது, எந்த மாதிரியை நம்புகிறது, எந்தப் பிரேக்கருக்கு ஆணையிடுகிறது என்பதெல்லாம் 'எஸ்சிடி' எனப்படும் உள்ளமைவுக் கோப்பில் இருக்கின்றன. நிலையத்தின் உயிர்நாடியே அந்தக் கோப்புதான்.

ஏட்டளவில் இது திறந்த வடிவம்; எக்ஸ்எம்எல் தெரிந்த எவரும் படிக்கலாம். நடைமுறை வேறு. தரநிலை, தொலைவுக் காப்புக்கு 'பிடிஐஎஸ்', பிரேக்கருக்கு 'எக்ஸ்சிபிஆர்' என்று ஒவ்வொரு பணிக்கும் பெயர் தந்திருக்கிறது. ஆனால் பொதுப் பயனுக்கென 'ஜிஜிஐஓ' என்றொரு பெயரற்ற பெட்டியையும், நிறுவனங்கள் தமக்கென எழுதிக்கொள்ளத் தனியார் பகுதி ஒன்றையும் அது அனுமதிக்கிறது. உற்பத்தியாளர் தம் கருவியின் முக்கியச் சமிக்ஞைகளை அப்பெட்டிக்குள் வரிசை எண்ணிட்டுப் போட்டுவிட்டால், கோப்பு திறந்திருந்தும் பொருள் பூட்டியிருக்கும். அதைத் திருத்தும் மென்பொருளும் அவருடையதே, உரிமமும் அவருடையதே. இணக்கச் சான்றிதழ் ஒரு கருவி இலக்கணப்படி பேசுகிறது என்றுதான் உறுதிசெய்கிறது. இரண்டு கருவிகள் ஒன்றையொன்று புரிந்துகொள்ளும் என்று அது சொல்வதில்லை. நம் ஒப்பந்தப் புள்ளி ஆவணங்களோ சான்றிதழைக் கேட்டதோடு கடமை முடிந்ததென்று கருதிவிடுகின்றன.

"நீண்டகாலப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் போயிற்று" என்பார்கள். துணைமின் நிலையத்தின் பயனாயுளை நம் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 25 ஆண்டுகளாகக் கணக்கிடுகிறது. அந்த 25 ஆண்டுகளில் எதிர்த்தரப்பில் கையெழுத்திடுபவர் யார்? அல்ஸ்டோம் நிறுவனத்தின் மின்கடத்தல் பிரிவு 2004இல் அரேவா ஆனது. 2010இல் அது பிரிக்கப்பட்டு ஒரு பாதி மீண்டும் அல்ஸ்டோமிடமும் மறு பாதி ஷ்னைடரிடமும் சென்றது. 2015இல் அல்ஸ்டோமின் மின்பிரிவு ஜெனரல் எலக்ட்ரிக்கிடம் போனது. ஏபிபியின் மின்தொடர் வணிகம் 2020இல் ஹிட்டாச்சியின் பெரும்பான்மை உரிமைக்குள் வந்தது. ஒரு நிலையத்தின் ஆயுளுக்குள் பெயர்ப்பலகை மூன்று முறை மாறுகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய கருவி வரிசைகளில் எது தொடரும், எது கைவிடப்படும் என்பது நம் நாட்டுக்கு வெளியே முடிவாகிறது. இதில் எந்த நிறுவனத்தையும் குற்றம் சொல்வதற்கில்லை. வணிகத்தின் இயல்பு அது. அந்த இயல்பு தெரிந்தும் கோப்பைத் தம் கையில் வைத்துக்கொள்ளாத வாங்குபவரைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

வாங்கும் முறைக்கு வருவோம். நம் வழக்கம் முழு ஒப்பந்தம், மிகக் குறைந்த விலை. ஒரு நிலையத்துக்கு ஒரு நிறுவனம். அடுத்த நிலையத்துக்கு வேறொன்று. இன்னொரு சிக்கல் இந்தியாவுக்கே உரியது. மாநிலங்களுக்கு இடையிலான மின்தொடரமைப்பில் 2011 முதல் போட்டி ஏலம் பொதுவிதியாகிவிட்டதால், ஒருவருடைய நிலையத்தில் மற்றொருவருடைய மின்தடம் வந்து முடிகிறது. புதிதாகச் சேரும் ஒவ்வொரு 'பே'யையும் அங்கே ஏற்கெனவே உள்ள பஸ்பார் காப்போடு இணைத்தாக வேண்டும். அந்தக் காப்பு எந்த உற்பத்தியாளருடையதோ, அவருடைய உறுப்பையே புதியவரும் வாங்க வேண்டிய கட்டாயம் இன்றே இருக்கிறது. போட்டி ஏலத்தின் நடுவே ஒற்றை விற்பனையாளரிடம் சொன்ன விலைக்கு வாங்கும் சந்து இது. டிஜிட்டல் நிலையம் இதைத் தீர்க்கும் என்றுதான் வாக்களிக்கப்பட்டது. பொது இலக்கணத்தில் பேசும் மாதிரிகளை எந்த நிறுவனத்தின் ரிலேயும் கேட்கலாமே! கோப்பு யாருக்குச் சொந்தம், திருத்தும் உரிமை யாருக்கு, திருத்தத்தால் தவறு நேர்ந்தால் பொறுப்பு யாருக்கு என்பவற்றை ஒப்பந்தம் எழுதாதவரை, அந்த வாக்குறுதி காகிதத்தில்தான் இருக்கும். ஒரு பூட்டுக்குப் பதில் இன்னும் உறுதியான பூட்டு வந்திருக்கும்.

கட்டண விதிகளும் இதே திசையில்தான் தள்ளுகின்றன. மத்திய ஆணையத்தின் 2019-24 காலகட்ட விதிகளின்படி, மின்தொடரமைப்பில் இட்ட பங்கு மூலதனத்துக்கு 15.5 விழுக்காடு வருவாய் இருந்தது. இயக்கம், பராமரிப்புச் செலவுக்கோ 'பே' ஒன்றுக்கு இவ்வளவு, மின்மாற்றித் திறனுக்கு இவ்வளவு என்ற உச்சவரம்பு. பெட்டி வாங்கினால் வருவாய் உண்டு. அந்தப் பெட்டியைப் புரிந்துகொள்ளும் மனிதரைப் பயிற்றுவித்தால், வரம்புக்குட்பட்ட செலவில் கை வைத்ததாகிறது. நிதி நெருக்கடியிலுள்ள ஒரு மாநில நிறுவனம் எதைச் செய்யும் என்று கணிக்கப் பொருளியல் பட்டம் வேண்டியதில்லை. 2021இல் தொடங்கிய மறுசீரமைக்கப்பட்ட பகிர்மானத் திட்டத்தின் மதிப்பு 3,03,758 கோடி ரூபாய். அதன் பேச்சு முழுவதும் ஸ்மார்ட் மீட்டர்களின் எண்ணிக்கையாகவே இருக்கிறது. ரிலே சோதனைப் பிரிவில் எத்தனை பணியிடங்கள் காலியாக உள்ளன என்று அதே உரத்த குரலில் எவரும் கேட்பதில்லை.

அடுத்தது உயிர். மரபான நிலையத்தில் ரிலேயைச் சோதிக்க வருபவர், சோதனைப் பலகையில் இணைப்புத் துண்டுகளைத் திறந்துவிடுகிறார். துண்டிப்பு கண்ணுக்குத் தெரிகிறது, உடன் இருப்பவரும் பார்க்கிறார், பதிவேட்டில் எழுதுகிறார். டிஜிட்டல் நிலையத்தில் அதற்கு ஈடாக இருப்பது 'சோதனை நிலை' என்னும் ஒரு மென்பொருள் குறியீடு. ஒரு ரிலே சோதனை நிலையில் இருக்கிறது என்பதை மற்ற கருவிகள் அனைத்தும் ஒரே விதமாகப் புரிந்துகொண்டாக வேண்டும். தரநிலையின் முதற்பதிப்பைப் பின்பற்றும் கருவியும் இரண்டாம் பதிப்பைப் பின்பற்றும் கருவியும் ஒரே நிலையத்தில் கலந்திருந்தால், அந்தப் புரிதலுக்கு உறுதி எங்கே? காற்றிடைவெளியைக் கண்ணால் காணாமல் வேலை தொடங்காதே என்று மூன்று தலைமுறைகளாகப் பயிற்றுவிக்கப்பட்டவர் இந்தக் கேள்வியைக் கேட்டால், அதற்குப் பெயர் மாற்ற எதிர்ப்பா? நான் அதைப் பொறியியல் என்பேன். அந்தக் கேள்விக்கு எழுத்தில் ஒரு செயல்முறை, களப்பணியாளரின் மொழியில், அந்நிலையத்துக்கென்றே எழுதப்பட்டு அவர் கையில் தரப்பட்டிருக்கிறதா என்பதே நாம் கேட்க வேண்டியது.

பாதுகாப்பு பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். ஆனால் எளிய பகுதியை மட்டுமே பேசுகிறோம். 2015 டிசம்பரில் உக்ரைனின் பகிர்மான நிறுவனங்கள் தாக்கப்பட்டு ஏறக்குறைய 2,25,000 நுகர்வோர் மின்சாரம் இழந்தனர். 2016 டிசம்பர் 17 அன்று கீவ் அருகே ஒரு துணைமின் நிலையத்தைத் தாக்கிய 'இண்டஸ்ட்ராயர்' நச்சுநிரலில், ஐஇசி 61850 பேசும் கூறு ஒன்றே தனியாக எழுதப்பட்டிருந்தது. இந்திய அரசு 2020 ஜூலை 2 அன்று, இறக்குமதியாகும் மின்கருவிகள் நச்சுநிரலுக்காக உள்நாட்டில் சோதிக்கப்பட வேண்டும் என ஆணையிட்டது. 2021 அக்டோபரில் மத்திய மின்சார ஆணையம் இணையப் பாதுகாப்பு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஆணைகள் நல்லவை. களத்தின் கேள்வி வேறு. கூஸ் செய்திக்கு ஐஇசி 62351 தரநிலைப்படி மறையீட்டுச் சாவி கொடுத்துவிடலாம். நூற்றுக்கணக்கான நிலையங்கள் உள்ள ஒரு மாநிலத்தில் அந்தச் சாவிகளை யார் வழங்குவது, யார் புதுப்பிப்பது, புதுப்பிப்பு தவறி நள்ளிரவில் காப்புச் செய்தி நிராகரிக்கப்பட்டால் யார் பதில் சொல்வது? பாதுகாப்பின் பெயரால் காப்பு செயலிழப்பது சிறிய அபாயமன்று.

இனி நம் பல்கலைக்கழகங்கள். கூஸ் செய்தியில் போலி வரிசை எண்ணைப் புகுத்துவதும், அதை ஓர் இயந்திரக் கற்றல் மாதிரியால் கண்டுபிடிப்பதும், துல்லியம் 99 விழுக்காட்டைத் தாண்டியதாக அறிவிப்பதும் இன்று தனியொரு கட்டுரை வகையாகவே வளர்ந்துவிட்டன. தாக்குதலையும் நாமே உருவாக்குகிறோம், தரவையும் நாமே உருவாக்குகிறோம், வெற்றியையும் நாமே அறிவித்துக்கொள்கிறோம். இயங்கும் நிலையம் ஒன்றின் வலையமைப்புப் பதிவைக் கண்ணால் பார்க்காமலேயே முனைவர் பட்டம் முடிந்துவிடுகிறது. பல நிறுவனங்களின் கருவிகள் கலந்த நிலையத்தில் எஸ்சிடி கோப்பின் பதிப்புகளை எப்படிப் பேணுவது, ஒரு 'பே'யை விரிவாக்கும்போது ஏற்கெனவே சோதித்தவற்றுள் எவற்றை மீண்டும் சோதிக்க வேண்டும், நேர ஒத்திசைவு சில நிமிடம் தவறினால் காப்பு எந்த வரிசையில் தரமிறங்க வேண்டும் என்பன போன்ற வினாக்கள் ஆய்வேட்டுக்கு ஏற்ற கடினமானவை. அவை இதழ்களில் விலைபோகாது என்ற எண்ணத்தில் தீண்டப்படாமல் கிடக்கின்றன. இன்னொன்று: தரநிலையின் ஒவ்வொரு பகுதியும் நூற்றுக்கணக்கான சுவிஸ் பிராங்க் விலையுள்ளது. மாநிலப் பல்கலைக்கழகத்து மாணவர் மூலநூலைப் படிக்காமல், அதைப் பற்றிய கட்டுரைகளைப் பற்றிய கட்டுரைகளைப் படித்து எழுதுகிறார். இதை நாம் ஆய்வு என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

பிற நாடுகள் வேறு வழி கண்டிருக்கின்றன. ஸ்காட்லாந்தின் விஷாவில் 275 கிலோவோல்ட் நிலையத்தில் நடந்த 'ஃபிட்னஸ்' திட்டத்துக்கு ஒழுங்குமுறை ஆணையமே புத்தாக்க நிதி தந்தது. ஒன்றோடொன்று போட்டியிடும் நிறுவனங்களின் கருவிகள் ஒரே நிலையத்தில் இணைந்து இயங்குமா என்பதே அங்கே சோதனை. மான்செஸ்டர் பல்கலைக்கழகம் அதில் பங்காளி. சீனாவின் அனுபவம் வேறு வகைப் பாடம். பெருமளவில் இத்தகைய நிலையங்களைக் கட்டிய அந்நாட்டின் அரசு மின்தொடர் நிறுவனம், காப்புக்கான மாதிரிகள் வலையமைப்புச் சுவிட்சுகளின் வழியே வராமல் நேரடி ஒளியிழையில் ரிலேயை அடைய வேண்டும் என்று 2010இலேயே விதி வகுத்தது. நவீனத்தில் ஓரடி பின்வாங்கியதாக அதைச் சிலர் கருதக்கூடும். தன் களத்தை அறிந்த வாங்குபவர், விற்பவரின் படத்தை அப்படியே ஏற்காமல் தன் நிபந்தனையை எழுதியதாகவே நான் பார்க்கிறேன். அந்த நிபந்தனை சரியா தவறா என்று விவாதிக்கலாம். அதை எழுதும் ஆற்றல் அவர்களிடம் இருந்தது.

நம்மிடம் அந்த ஆற்றல் குறைந்தால் என்ன நேரும்? 2012 ஜூலை 30, 31 நாள்களை நினைவுகூர்வது போதும். அறுபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி இருளில் மூழ்கியது. பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் மின்தடம் துண்டிக்கப்பட்டதில் சரிவு தொடங்கியது. அந்தத் தடத்தில் பழுது எதுவும் இல்லை. மிகுந்த சுமையைத் தொலைவுக் காப்பின் மூன்றாம் மண்டலம் பழுதெனக் கருதித் துண்டித்தது என்று விசாரணைக் குழு கண்டது. காப்பு அமைப்புகளை முழுமையாகத் தணிக்கை செய்யவும் பரிந்துரைத்தது. அமைப்பு அளவுக்கு மீறிச் சுமையேறியிருந்தது உள்ளிட்ட காரணங்கள் பல உண்டு. ஆயினும் சரிவைத் தொடங்கிவைத்தது ரிலேயில் எழுதியிருந்த வரம்பு. டிஜிட்டல் நிலையத்தில் எல்லாமே எழுதப்பட்ட எண்கள்தாம். கம்பியாக இருந்ததும் எண்ணாகிறது, துண்டிப்பும் எண்ணாகிறது, நேரமும் எண்ணாகிறது. எண்களைப் பேணும் ஒழுக்கத்தை வளர்க்காமல் எண்களின் எண்ணிக்கையை மட்டும் பெருக்குவது முன்னேற்றமாகாது.

ஆகவே நான் கேட்பவை இவை.

முதலாவது, எஸ்சிடி கோப்பும் அதைத் திருத்தும் கருவியின் உரிமமும் மின் நிறுவனத்தின் சொத்து என ஒவ்வொரு ஒப்பந்தமும் எழுத வேண்டும். கோப்பைத் திறந்து, ஒரு சமிக்ஞையை மாற்றி, மீண்டும் நிறுவி இயக்க நிறுவனத்தின் சொந்தப் பொறியாளரால் முடிந்த பிறகே இறுதித் தவணை தரப்பட வேண்டும்.

இரண்டாவது, மாநிலந்தோறும் பல நிறுவனக் கருவிகளை ஒன்றாக இணைத்துச் சோதிக்கும் கூடம் ஒன்று வேண்டும். அதன் செலவையும் ரிலே பொறியாளர் பயிற்சியின் செலவையும் ஒழுங்குமுறை ஆணையங்கள் உச்சவரம்புக்கு வெளியே தனித் தலைப்பாக ஏற்க வேண்டும்.

மூன்றாவது, சோதனை நிலைச் செயல்முறை அந்தந்த மாநில மொழியில் எழுதப்பட்டு, களப்பணியாளர்கள் கையொப்பமிட்டு ஏற்ற பிறகே நிலையம் மின்னேற்றப்பட வேண்டும். அவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களாயினும் இது பொருந்தும்.

நான்காவது நம் பல்கலைக்கழகங்களுக்கு. அருகிலுள்ள மின்தொடரமைப்பு நிறுவனத்தோடு தரவுப் பகிர்வுக்கு ஓர் உடன்பாடு செய்யாமல் இத்துறையில் புதிய ஆய்வுத் திட்டம் எதையும் தொடங்கக்கூடாது. அடையாளம் நீக்கிய பழுதுப் பதிவுகள் நூறு, செயற்கைத் தரவுகள் ஒரு லட்சத்தைவிட மேலானவை. தோல்வியுற்ற சோதனைகளும் ஆய்வேட்டில் இடம்பெறட்டும்.

"இவையெல்லாம் நிறைவேறும்வரை காத்திருந்தால் உலகம் நம்மை விட்டுப் போய்விடும்" என்னும் மறுமொழியை எதிர்பார்க்கிறேன். காத்திருக்கும்படி நான் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் ஒரு பத்தியைச் சேர்க்கப் பத்தாண்டு தேவையில்லை. உள்ளமைவுக் கோப்பைப் படிக்க இளம்பொறியாளர் இருவரைப் பயிற்றுவிக்க ஓராண்டு போதும். மாறாக, இன்று அவசரத்தில் வாங்கிக் குவித்துவிட்டால், அந்த முடிவோடு 25 ஆண்டுகள் வாழ வேண்டியிருக்கும்.

அடுத்த கருத்தரங்கில் யாரேனும் நம் பொறியாளர்கள் மாற்றத்தை எதிர்க்கிறார்கள் என்று சொன்னால், அவரிடம் ஒரே ஒரு வினாவைக் கேளுங்கள்: அந்நிலையத்தின் எஸ்சிடி கோப்பு இப்போது யாருடைய கணினியில் இருக்கிறது? அதற்கு விடை தெரியாதவருக்குப் பொறியாளர்களின் மனப்பான்மையைப் பற்றிப் பேசும் தகுதி இல்லை.